வெள்ளிக்கிழமை வரும் என்ற பெட்டி

ஹட்டனில் ஒரு கார்கோ கடை வேனில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கப்பலில் அனுப்பும் பெட்டிகளைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இறக்கிக் கொடுப்போம். எப்போது வரும் என்று யார் கேட்டாலும் முதலாளி "வெள்ளிக்கிழமை" என்பார். நல்ல நாள் என்பதால் எங்கள் ஆட்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். உண்மையில் அவருக்கே தெரியாது. ஒரே கண்டெய்னரில் பல பேருடைய பெட்டிகள். ஒருத்தர் பெட்டியில் சுங்கம் எதையாவது பிடித்தால் மற்றவையும் கொழும்பிலேயே கிடக்கும்.

டயகமப் பக்கம் ஒரு பிள்ளை பெரியமனுஷியாகி, லயத்து அறையில் சேலை மறைப்புக்குப் பின்னால் இருந்தாள். நல்ல ஓட்டக்காரி. மாகாணப் போட்டிக்கு எடுத்திருந்தார்கள். சடங்கு வைத்துத் தண்ணி ஊற்றினால்தான் வெளியே விடுவார்கள். சடங்குப் பட்டோ குவைத்திலிருந்து அவள் அம்மா போட்ட பெட்டியில். முதலாளி சொன்ன வெள்ளியை நம்பி அவளுடைய அத்தை நாள் குறித்தாள். பெட்டி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

வேறு வீட்டுப் பெட்டியோடு போனபோது அத்தை வேனை மறித்தாள்.

"ஹட்டன்ல ஒரு சேலை எடுத்து முடிச்சிருங்களேன்" என்றேன்.

"பெத்தவதான் பக்கத்துல இல்ல தம்பி. அவ சேலையும் இல்லாம தண்ணி ஊத்துனா லயமே பேசும்."

"இப்ப மட்டும் பேசாமயா இருக்காங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பெட்டி போட்டுட்டேன்னு போன்ல சொல்றது லேசு அக்கா."

மறைப்புக்குள்ளிருந்து பிள்ளையின் குரல்: "அத்தை, செவ்வாக்கெழம ஸ்போர்ட்ஸ் மீட். டீச்சர் வந்தாங்களா?"

"வந்தாங்க. இவ வரமாட்டான்னு சொல்லி அனுப்பிட்டேன்."



பெட்டி வந்தபோது போட்டி முடிந்து பல நாளாகியிருந்தது. நானே தோளில் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளையின் அம்மா போனில் வீடியோ அழைப்பில் இருந்தாள். பட்டு, சோப்பு, பால்மா என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

"அடியில பாருங்க" என்றாள் அம்மா. "ஓடுற சப்பாத்து. போட்டிக்குப் போட்டுக்கச் சொல்லுங்க."

போட்டி முடிந்துபோனதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அத்தை போனைத் தன் பக்கம் திருப்பி, "பட்டு நல்லாருக்கு அண்ணி" என்றாள்.

மறைப்பின் ஓரத்திலிருந்து ஒரு கை சப்பாத்தை நோக்கி நீண்டது.

"தொடாத. தீட்டு. தண்ணி ஊத்துனப்புறம் போட்டுக்கலாம்" என்றாள் அத்தை.

கை உள்ளே போனது. அத்தை சப்பாத்தை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னைக் கேட்டாள்.