நடுவில் இருந்த மூன்று இசட்

பதினெட்டு. ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் அடையாள எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக இத்தனை இருக்கும். செவிலிமேட்டில் ஒரு துணிக்கடை மாடியில், வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலை பார்க்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தபடியே சுகாசினிக்கு ஆறு வருடம் ஓடிவிட்டது. ஐரோப்பாவில் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து மாதச் சந்தாவை நேரடியாக எடுக்கும் நிறுவனம் எதுவானாலும், எடுப்பது யார் என்று காட்ட அந்த எண் வேண்டும். நிறுவனம் தன் வங்கியை மாற்றினாலும் எண் மாறாது.

அபிநயா பிறகு வந்தவள். தாமலிலிருந்து பஸ் பிடித்து வருவாள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே சுகாசினிதான். இப்போது டீம் லீடர் பதவிக்கு இரண்டு பேர் பெயரும் மேனேஜர் ஆனந்தராஜிடம் இருந்தன. ஜெர்மன்காரர்களோடு அபிநயா போனில் சிரிக்கும்போதெல்லாம் சுகாசினிக்கு வயிறு எரிந்தது. அவள் வாங்கிவரும் பஜ்ஜியைக்கூடத் தொடுவதில்லை.

வியாழக்கிழமை வழி கிடைத்தது. உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ஒரு நிறுவனம் புதிதாக நீச்சல்குளம் திறந்திருந்தது. அந்தப் பிரிவுக்காக, எண்ணின் நடுவில் இருந்த மூன்று இசட் எழுத்துகளை எடுத்துவிட்டு அபிநயா 001 போட்டிருந்தாள். எண்ணில் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்க முன்னால் இருக்கும் சரிபார்ப்பு இலக்கம் இரண்டையும் தொடவே இல்லை. எண் மாறினால் சரிபார்ப்பும் மாற வேண்டாமா? ஆறு வருடத்தில் அந்த இடத்தில் இசட்டைத் தவிர வேறெதையும் சுகாசினி பார்த்ததில்லை. சோதித்துப் பார்க்கக் கை போனது, சந்தோஷம் முந்திக்கொண்டது. ‘அபிநயா கொடுத்த எண் தவறு’ என்று ஆனந்தராஜுக்கும் அந்த நிறுவனத்துக்கும் சேர்த்தே மெயில் தட்டினாள்.

டீ வருவதற்குள் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. எண் சரி.

“ஏம்மா சுகாசினி, கஸ்டமருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்றார் ஆனந்தராஜ்.

“சரிபார்ப்பு மாறலியே சார்...”

அபிநயா நாற்காலியைத் திருப்பினாள். “அக்கா, அந்த மூணு எடமும் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் பிரிவு காட்டறதுக்கு. சரிபார்ப்புக் கணக்குல அத சேக்கவே மாட்டாங்க. உங்க வீட்ல நெய்யறது கரையத் தனியா கோக்கற கோர்வைப் புடவைதானே? கரைக்குக் கலரு மாத்துனா உடம்பையும் மாத்திக்கினா இருப்பீங்க?”

யாரோ சிரித்தார்கள். அன்று காலைகூட சுகாசினியின் அப்பா தறியில் மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை கோத்துக்கொண்டிருந்தார்.

“என் பேர மட்டும் தடி எழுத்துல போட்டிருக்கீங்களேக்கா, அதான் அழகா இருக்குது” என்றாள் அபிநயா, சுகாசினியின் திரையில் இருந்த மெயிலை எட்டிப் பார்த்து.

சுகாசினி திரையைப் பார்த்தாள். அனுப்பிய மெயிலைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் அபிநயா டீம் லீடர். சுகாசினி லீவு கேட்டால் இனி அவள்தான் ஒப்புதல் தர வேண்டும்.