நாலு மணிக்கு வருகிறாள்

இஞ்ஞாசி பதினெட்டு வருஷம் தோணியை ஓட்டிப் போகும் தண்டலாக இருந்தவர். பாய் விரித்துக் கொழும்புக்குப் போய் வருவது அவருக்குக் கடைத்தெருவுக்குப் போய் வருகிற மாதிரி. முழங்கால் உடைந்த பிறகு, பீச் ரோட்டில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் உட்கார்ந்துவிட்டார். சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. எந்த ஊர் விமான நிலையத்திலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மைல், எவ்வளவு நேரம் என்று அதில் இருந்தது. மனுஷன் அதை ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டார். விமானத்தில் ஏறியது கிடையாது. அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை, அவரும் சொல்லவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் ஒரு காலை, பக்கத்து வீட்டுப் பிளாரன்ஸ் கையில் தந்தியோடு கம்பெனிக்கு ஓடி வந்தாள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டிலிருந்த அவளுடைய அம்மா இறந்துவிட்டாள். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கு அடக்கம். அம்மா நோயில் கிடந்ததால் பாஸ்போர்ட்டெல்லாம் தயாராகவே வைத்திருந்தாள்.

"பெட்டிய மூடுமுன்ன மொகத்தப் பாத்துருவேனா மாமா?"

"ஏன் பாக்க மாட்ட? சாயங்கால ரயிலேறு. மெட்ராஸ்லேந்து நாளைக்கு ரெண்டரைக்கு பிளேன். நானூறு மைலு, ஒண்ணேகால் மணி நேரம். நாலு மணிக்கு அம்மா தலமாட்டுல நிப்ப."

முதலாளி உள்ளேதான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. 'நாலு மணிக்கு வருகிறாள்' என்று அவரே கொழும்புக்குத் தந்தி கொடுத்தார்.

தோணிக்காரனுக்குத் துறைமுகம்தான் ஊர். நங்கூரம் போட்டுக் கரையிறங்கினால் கொட்டாஞ்சேனை கூப்பிடு தூரம். விமானமும் அங்கேதான் எங்கேயோ இறங்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அது கட்டுநாயக்காவில் இறங்கியது. கொழும்புக்கு இருபது மைல். பாஸ்போர்ட் வரிசை, பெட்டிச் சோதனை, பிறகு கார். பிளாரன்ஸ் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. ஐந்து வரைக்கும் பார்த்துவிட்டு, விமானத்தைத் தவறவிட்டிருப்பாள் என்று முடிவு செய்து, சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்ததும் பெட்டியை மூடியிருந்தார்கள். ஏழு மணி என்று தந்தி சொல்லியிருந்தால் ஏழு வரைக்கும் வைத்திருப்பார்களாம்.

இதெல்லாம் கடிதத்தில் ஊருக்கு வந்துவிட்டது. இஞ்ஞாசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பூசைக்குப் போனால் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் நின்றார். யாராவது தூரம் கேட்டால் அட்டவணையைக் கையால் காட்டினார்.

ஒரு மாதம் கழித்துப் பிளாரன்ஸ் கம்பெனிக்கு வந்தாள், கறுப்புச் சேலையில். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"எம்மேலதான் தப்பு மாமா. கொண்டுபோன துணிப்பெட்டிய வுட்டுட்டு வெறுங்கையோட ஓடியிருந்தா கொஞ்சம் முந்தியிருப்பேன்."

அவருக்குத் தாங்கவில்லை.

"ஏளா, தப்பு என்னுது. நான் பிளேன்ல ஏறுனதே கெடையாது. அந்தச் சொவத்துல உள்ளத வாசிச்சேன், அவ்ளோதான்."

"அது எனக்குத் தெரியும் மாமா. ஊருக்கே தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிளேனுக்காவா ஒங்ககிட்ட வந்தேன்? கொழும்பு ஒங்களுக்குத் தெரியும்னுதான வந்தேன்."