ஒரே புல்தரையில் இரண்டு தேர்தல் பலகைகள்

காலையில் காப்பி டம்ளரோடு ஜன்னல் திரையை விலக்கினால், என் வீட்டு முன்னால் ஒருவர் குனிந்து புல்லை அளந்துகொண்டிருக்கிறார். மஞ்சள் சட்டை, கையில் டேப்பு. நான் பாடாலூர்க்காரன். எங்கள் பக்கத்தில் டேப்போடு ஒருவர் வந்தால், ரோட்டை அகலப்படுத்த நிலம் போகப் போகிறது என்று அர்த்தம். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே ஓடினேன். அவர் நகராட்சி ஆள். அளந்தது நிலத்தை அல்ல, தேர்தல் பலகையை. நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பட்டைப் புல் இருக்கிறதல்லவா, அது ஊருக்குச் சொந்தமாம். எட்டு வருடமாக அந்தப் புல்லை வெட்டுகிறவன் நான், வெட்டாவிட்டால் அபராதம் கட்ட வேண்டியவனும் நான், ஆனால் அதில் வேட்பாளர் பெயர் போட்ட பலகை நிற்கக்கூடாது. இரண்டு பலகைகளில் ஒன்று அந்தப் பட்டைக்குள் ஒரு சாண் வந்திருந்தது. அவரே பிடுங்கி, உள்ளே தள்ளி நட்டார். பிறகு இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இரண்டும் உங்கள் அனுமதியோடு வைத்ததா?"

"ஆமாம்."

"இரண்டுமேவா? இவர்கள் இரண்டு பேரும் ஒரே பதவிக்கு ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்கிறார்கள்."

"தெரியும்."

அவர் பையிலிருந்த விதிமுறைத் தாளைப் புரட்டினார். வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக்கூடாது, வாக்குப்பதிவு முடிந்து மூன்று நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். எல்லாம் படித்துவிட்டு, "இது விதிக்கு எதிரானதில்லை" என்றார். சொன்ன விதத்தில் அவருக்கே கொஞ்சம் வருத்தம் இருந்ததுபோல் பட்டது.

இது கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்துச் சின்ன ஊர் ஒன்றில். நான் உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிறவன். என் மனைவி கலா முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவள். நடுவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்கள் எட்டு வயது மகள் யாழினியை இரண்டரை மணி நேரம் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு மார்கரெட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான் இருந்தது. பனி பெய்த காலையில் தன் வீட்டு நடைபாதையைத் தள்ளிச் சுத்தம் செய்கிறவர், கையோடு எங்கள் பக்கத்தையும் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவார். இந்த ஊரில் எங்களுக்கு மனுஷர் என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான். அவர் போன இலையுதிர் காலத்தில் ஊர் மன்றத் தேர்தலுக்கு நின்றார். கட்சியெல்லாம் கிடையாது, பள்ளிக்கூடத்து முனையில் சிக்னல் விளக்கு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஒரு சனிக்கிழமை வந்து, "உன் புல்தரையில் என் பலகையை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். தாராளமாக என்றேன். அடுத்த வாரம், எனக்கு லீவு நாளன்று, டெரக் என்பவர் வந்தார். எதிர் வேட்பாளர், குழந்தைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். அவருக்கும் தாராளமாக என்றேன்.

கலா அன்று சாயங்காலம் வந்து வாசலைப் பார்த்துவிட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க இது, ரெண்டு பேருக்குமா குடுத்தீங்க?"

"வாசல்ல வந்து நின்னு கேக்குறாங்க. மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லங்கறது?"

"இது பாடாலூர் இல்லீங்க."

எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிறுவாச்சூரில் பிறந்த கலாவுக்கு அது புரிந்திருக்கிறது, எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீடு பாடாலூரில் திருச்சி ரோட்டைப் பார்த்தது. அப்பா சின்ன வெங்காயம் போட்டு, ஒரு நல்ல வருடத்தில் கட்டிய சுற்றுச்சுவர் நாற்பது அடிக்கு மேல் நீளம். சென்னைக்குப் போகிற பஸ் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகும். தேர்தல் வாடை அடிக்க ஆரம்பித்ததுமே கட்சிக்காரர்கள் வந்து நிற்பார்கள். முதலில் வந்தவர் ஒரு பங்குக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரின் எழுத்துகளைப் போட்டு, இன்ன வருடம் வரை என்று எழுதிவிட்டுப் போவார். அப்புறம் அந்தப் பங்கில் வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள். இரண்டாவதாக வந்தவருக்கு அடுத்த பங்கு. மூன்றாவது ஆளுக்குக் கரண்டு கம்பத்துப் பக்கம் மிச்சம் கிடந்தது. அப்பா எல்லோருக்கும் சொம்பில் தண்ணீர் கொடுப்பார். "எழுதிக்கங்க. நம்ம வூட்டு ஓட்டு உங்களுக்கு இல்லாம வேற யாருக்குங்க" என்பார். வந்தவர் சிரிப்பார், அப்பாவும் சிரிப்பார். அந்தப் பேச்சை யாரும் நம்பவில்லை, நம்ப வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அப்பா யாருக்குப் போட்டார் என்பது அம்மாவுக்குக்கூடக் கடைசி வரை தெரியாது.

பிற்பாடு விதி கடுமையானது. டவுனில் சுவரில் எழுதவே கூடாது, கிராமத்தில் எழுதினால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஒரு தேர்தலின்போது தாலுகா ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். கூடவே வீடியோ எடுக்க ஒருவர். நான் அப்போது ஊரில்தான் இருந்தேன். கடிதம் எங்கே என்று கேட்ட அதிகாரியிடம் அப்பா உள்ளே போய் மூன்று கடிதங்களின் நகலை எடுத்து வந்து கொடுத்தார். அந்த மனுஷர் வெயிலில் நாள் முழுக்கச் சுற்றியவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மூன்றையும் படித்தார்.

"என்னய்யா இது, ஒரு செவுத்துக்கு மூணு கடுதாசி?"

"செவுரு நீளமா இருக்குதுங்க, சார்."

ஜீப்பிலிருந்த டிரைவர் சிரித்துவிட்டார். அதிகாரியும் வேறு வழியில்லாமல் மூன்றிலும் டிக் போட்டுக்கொண்டு போனார். எங்களுக்கு அது வருடக்கணக்கில் சொல்லிச் சிரிக்கிற கதையாக இருந்தது. சுவர் என்பது ரோட்டில் போகிறவருக்கு. மனசில் இருப்பது வாக்குச்சாவடிக்குள் மறைப்புக்குப் பின்னால். இரண்டையும் யாரும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்லை.

இந்த ஊரில் புல்தரைதான் வீட்டுக்காரனின் வாய். அதில் நிற்பது அவன் சொன்ன சொல். மார்கரெட், டெரக் பலகை நட்ட வாரத்துச் சனிக்கிழமை ஊரெல்லாம் நடந்து ஓட்டுக் கேட்டுவிட்டு வந்தவர், என் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே போய் இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். கலா சுட்டுவைத்த தோசை ஆறுகிறதென்று காரணம் சொல்லிக்கொண்டு போகவில்லை. திங்கட்கிழமை தபால் பெட்டியில் ஒரு உறை. உள்ளே எங்கள் சாவி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: இனி யாழினியைப் பார்த்துக்கொள்ள வசதிப்படாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும். கோபமாக ஒரு சொல் இல்லை. அதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. வேறு ஏற்பாடு என்று எதுவும் இல்லை. கலா தன் வேலையில் தினம் மூன்று மணி நேரத்தை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. யாழினி மூன்று நாள், "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ ஒன்றும் பண்ணவில்லை, உன் அப்பன்தான் பண்ணினான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பலகையில் ஒன்றைப் பிடுங்கிவிடலாமே என்று கலா சொன்னாள். எதைப் பிடுங்குவது? டெரக்கின் பலகையை எடுத்தால் அது அவருக்குச் சொல்கிற பதில், விட்டால் மார்கரெட்டுக்குச் சொல்கிற பதில். இரண்டையும் எடுத்தால் இரண்டு பேருக்கும். நான் எதுவும் செய்யவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். எட்டு வருடத்தில் நன்றாகப் பழகிக்கொண்டது அதைத்தான்.

இதில் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சங்கதி ஒன்று உண்டு. எனக்கு இங்கே ஓட்டே கிடையாது. குடியுரிமை வாங்கியவருக்குத்தான் ஓட்டு. நான் வாங்கவில்லை. தகுதி வந்து பல வருடம் ஆகிறது. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதை அனுப்பினால் கடைசியில் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் இழுப்பறையை மூடிவிடுவேன். ஓட்டில்லாதவன் புல்தரையில் இரண்டு வேட்பாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மார்கரெட் தோற்றுப்போனார். மூன்று நாள் கெடுவின் கடைசிக் காலையில் டெரக் வந்து தன் பலகையை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மார்கரெட் வரவில்லை. நான் அவர் பலகையைப் பிடுங்கி, கம்பிக் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து, எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே சொன்னேன்.

"எனக்கு இங்கே ஓட்டில்லை. குடியுரிமை இன்னும் வாங்கவில்லை."

"அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ஓட்டுக் கேட்கவில்லை. புல்தரையைத்தான் கேட்டீர்கள்."

"டெரக்குக்கு ஏன் கொடுத்தாய்?"

"அவரும் வந்து கேட்டார்."

என் அப்பாவின் சுவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நாற்பதடி, மூன்று கடிதம், ஜீப்பு. என் ஆங்கிலத்தில் அது சிரிப்புக் கதையாக வரவில்லை. எங்கள் குடும்பமே காலம் காலமாக ஆளை ஏமாற்றுவதாக ஒலித்தது. அவர் முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "பாதி ஊர் என்னிடம் முடியாது என்று சொல்லிற்று. அவர்கள் யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. சரி என்று சொன்ன உன் மேல்தான் வருத்தம்." பலகையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். என் சட்டைப் பையில் அந்தச் சாவி இருந்தது. திரும்பக் கொடுக்கலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். அதைச் சொல்லவே இல்லை.

பனி விழ ஆரம்பித்தது. மார்கரெட் தன் நடைபாதையைத் தள்ளுவார். எங்கள் எல்லை எங்கே தொடங்குகிறதோ, அங்கே டேப்பு வைத்து அளந்ததுபோல நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். நான் வந்து என் பங்கைத் தள்ளுவேன்.

அந்தக் குளிரில்தான் அண்ணன் முருகேசன் ஊரிலிருந்து கூப்பிட்டான். அப்பா போனபின் பாகம் பிரித்ததில் ரோட்டுப் பக்கத்துச் சுவர் என் பங்குக்கு வந்தது. வீட்டில் இருப்பது அவன்.

"மூணு கட்சிக்காரங்களும் வந்துட்டுப் போயிட்டாங்கடா. செவுரு ஒம் பேர்ல இருக்கறதால ஒன் கையெழுத்து வேணுமாம். மூணு கடுதாசி எழுதி வாட்சப்புல போடு, நான் பிரிண்டு எடுத்துக்கறேன்."

எனக்குள் ஏதோ சலித்துப்போயிருந்தது. "வேணாம்ணே. யாருக்கும் இல்லன்னு சொல்லிடு. வெள்ளையடிச்சு அப்படியே விட்டுடு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"யாரு சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுண்ணே."

"நீ எங்கடா இருக்க? இல்லன்னு அங்கேருந்து சொல்லிட்டு நீ பாட்டுக்குத் தூங்கிடுவ. நாளைக்கு வாய்க்கால் அடைச்சிக்கிட்டா நான் அவங்ககிட்டத்தான் போயி நிக்கணும். மூணு பேருல எவன் வந்தாலும் அவன் மூஞ்சியத்தான் நான் தெனமும் பாக்கணும்." அதோடு, "இன்னொண்ணும் சொல்லணும். ஒம் பேரு ஓட்டர் லிஸ்டுல போயிடுச்சு. தேர்தல் ஆபீஸ்லேருந்து வூடு வூடா வந்து கேட்டாங்க. வெளிநாட்டுல இருக்கான்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். பொய் சொல்ல முடியாதுல்ல" என்றான்.

பரவாயில்லண்ணே என்றேன். வெளிநாட்டிலிருந்து தனியாக விண்ணப்பிக்க வழி உண்டாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் போக வேண்டுமாம். வறுவல் ஆலையில் அதற்கெல்லாம் யார் லீவு கொடுப்பார்? மூன்று வெள்ளைத்தாள் எடுத்தேன். மேற்படி சுவரின் உரிமையாளராகிய நான் முழுச் சம்மதத்துடன் என்று மூன்று முறை எழுதி, மூன்று முறை கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து அனுப்பினேன். அண்ணன் சொன்னது சரி. இல்லை என்று சொன்ன பிறகும் அங்கேயே இருக்கப் போகிறவன்தான் அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, காலையில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். அண்ணன் அனுப்பிய படம். வெயில் கண்ணைக் கூசுகிற சுவரில் மூன்று கட்சி, மூன்று நிறம். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன எழுத்தில், உரிமையாளர் சேகர் அனுமதியுடன். மார்கரெட்டும் தன் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு எல்லைக்கு வந்திருந்தார். நின்றார். தேர்தலுக்குப் பிறகு அவராக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"குடியுரிமைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டாயா?"

ஆமாம் ஆமாம், அனுப்பிக்கொண்டே இருக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கிறவர் மனம் கோணாமல் அப்படித்தான் சொல்ல வரும் எனக்கு.

"இல்லை" என்றேன். "அனுப்புவேனா என்றும் தெரியவில்லை."

மார்கரெட் தலையசைத்தார். பிறகு குனிந்து, எல்லையைத் தாண்டி எங்கள் பக்கத்துப் பனியில் இரண்டடி தள்ளிவிட்டு உள்ளே போனார். அவர் தள்ளிவிட்ட அந்த இரண்டடியில் நின்றுகொண்டு, பாடாலூர் வெயிலில் மூன்று இடத்தில் எழுதியிருந்த என் பெயரை, விரல் விறைக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.