கோடு நகராத படிவம்

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். படிவங்களில் பெயர், முகவரி எழுத விடுகிற கோடுகளைக் கணினியில் அவள்தான் போடுவாள். நாங்கள் போட்டால் அடிக்கோட்டு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்போம். அதன்மேல் யாராவது பெயரைத் தட்டினால் போதும், கோடு பிதுங்கி அடுத்த வரிக்கு ஓடிவிடும். அவள் டேப் விசையை வைத்துப் போட்ட கோடு ஓடாது. எழுதிய அளவுக்குத் தானே சுருங்கி, ஓரத்தில் அடங்கி நிற்கும்.

போட்டு முடித்ததும் தன் விவரத்தையே நிரப்பிச் சோதிப்பாள், பிறகு அழிப்பாள். அப்படி அவள் விடுதி மாணவியாக இருந்திருக்கிறாள், பேறுகால விடுப்பு எடுத்திருக்கிறாள், ஓய்வும் பெற்றிருக்கிறாள்.

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பிரசவ லீவாக்கா?" என்று சீண்டுவேன்.

"படிவத்துலயாவது வாழ்ந்துட்டுப் போறேன், உனக்கென்னடி" என்பாள்.

நிஜத்தில் அவள் தற்காலிகத் தட்டச்சர். படுக்கை, தம்பி வீட்டுக் கூடத்தில்; அவன் பிள்ளைகள் டிவியை அணைத்தால்தான் தூக்கம். வேலை நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்கும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற அறை. அதற்காகத்தான் இத்தனை வருஷமும் இலவு காத்த கிளியாக இருந்தாள்.

ஒருவழியாக அந்தத் தட்டச்சர் வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்க அனுமதி வந்தது. விண்ணப்பப் படிவம் தயாரிக்கும் வேலையை மேலாளர் அவளிடமே கொடுத்தார். அவர் தந்த விதிகளை முகம் மலர வாசித்துக்கொண்டே வந்தவள் வயது வரம்பில் நின்றாள்.

"சார், இதுல முப்பத்தஞ்சுன்னு இருக்கு. எனக்கு நாப்பத்தொண்ணு."

"தெரியும்மா. மேலிடத்து விதி, நான் என்ன பண்ண? விண்ணப்பம் போடுறவங்க கையில இந்த வேலையக் கொடுக்கக் கூடாதுல்ல. அதான் உங்ககிட்ட கொடுத்தேன்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று யாராவது என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்கட்டும்.

"முடியாதுன்னு சொல்லுக்கா. அவரே தட்டிக்கட்டும்."

"அவரு தட்டினா கோடு ஓடிடும்டி" என்றாள்.

மதியத்துக்குள் முடித்துவிட்டாள். வழக்கம்போல நிரப்பினாள்: பெயர், தந்தை பெயர், தம்பி வீட்டு முகவரி. வயது எழுதும் கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. சோதனைதானே, ஒரு முப்பத்து நாலு போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அதைக்கூடச் செய்யத் தெரியாத பிறவி. நாற்பத்தொன்று என்றே தட்டினாள்.

"நகரல பாரு" என்றாள் என்னிடம்.

அழிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதி வாங்க பியூன் வந்து நின்றார். அதற்குப் பிறகுதான் கீழிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். கடைசியாகப் பெயர் போனது. எழுத்து போகப் போகக் கோடு தானே நீண்டு வந்து, அவள் இருந்த இடத்தை மூடிக்கொண்டது.

"எத்தன பிரதி வேணும்ணே?" என்று பியூனைக் கேட்டாள்.