வீடு பார்க்க வந்த ரீச்சர்

அக்காவின் பள்ளிக்கூட ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றதும் மேல்வீட்டு அன்ரியின் சோபா லிப்டில் இறங்கி வந்தது. பின்னாலேயே அவருடைய பூச்சாடியும் வந்தது. நாடு விட்டு வந்து நாங்கள் அப்போது வோபர்ன் என்ற இடத்தில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது.

பல்கலைக்கழகம் கேட்ட புள்ளிகள் அக்காவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பிள்ளை எந்த நிலைமையில் இருந்து படித்தது என்று பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்தால், அதையும் பார்த்து இடம் தருவார்களாம். அதை எழுதத்தான் ரீச்சர் வந்தார். அக்கா எத்தனையோ தரம் சொல்லியும் அம்மா நம்பவில்லை.

"கஷ்டப்பட்ட வீடெண்டு தெரிஞ்சா ஆரடி உனக்கு இடம் தருவினம்? பேசாம இரு."

அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகும் அம்மா அன்று பட்டுச்சேலை கட்டி, வடை சுட்டு, ரீச்சரைச் சோபாவில் இருத்தினார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அக்காதான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள்.

"வீட்டில இவளுக்கு ஒரு வேலையும் குடுக்கிறேல்லை எண்டு சொல்லு. படிப்பு மட்டும்தான்."

அக்கா நிலத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் வேறு கதை சொன்னாள். அம்மாவின் இரவு வேலை. டோனட் கடையில் தன் வேலை. தம்பி என்னைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, நான் நித்திரையான பிறகே தான் புத்தகம் திறப்பது. எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மா ஒவ்வொன்றுக்கும் பெருமையாக, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார்.

ரீச்சர் கண் கலங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போனதும் அம்மா கவலைப்பட்டார். "வடைக்கு உறைப்புக் கூடிப்போச்சுப் போல. அவவுக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது."

இடம் கிடைத்தது. தூரத்து நகரம். செப்டம்பரில் பெட்டியோடு பேருந்துக்கு நின்ற அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, இனி நானே குளிப்பன். பள்ளிக்கூடத்துக்கும் தனியப் போவன். போகாதேங்கோ."

அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "கிறிஸ்மஸுக்கு வந்திடுவனடா."

வந்தாள். விருந்தாளிபோல வந்து, விருந்தாளிபோலவே போனாள். இனி எப்போதும் அப்படித்தான் என்று பேருந்தடியில் நின்ற அன்றைக்கு எனக்குத் தெரியாது. நல்ல பிள்ளையாக இருப்பேன் என்றுதானே சொன்னேன், அதற்கு ஏன் அழுகிறாள் என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன்.