சண்டை மேசையின் உயரம்

நான் வரைந்து கொடுத்த மேசை இன்று லாரிகளுக்கு மரக்கூடு கட்டும் நாமக்கல் பட்டறையிலிருந்து சூரமங்கலம் வந்து சேர்ந்தது. ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து, பகடை உருட்டி நான் போர் விளையாடுவதற்கான மேசை.

என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. நடுவில் வைத்த பொம்மைக் கோட்டைக்குக் கை எட்டவில்லை.

"யார் ஒசரத்துக்குச் செஞ்சீங்க?" என்றேன்.

மேசையோடு வந்த ஆசாரி, ஆறடி உயரமான என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். "ஐயா ஒசரத்துக்குத்தானுங்க. சண்டை ஆம்பளைங்க சமாச்சாரந்தானுங்களே!"

"ஐயாவுக்கு இந்த விளையாட்டே தெரியாது."

"அம்மா தமாசு பண்றாங்க" என்று என் கணவரிடமே சிரித்தார். கணவரும் கூடச் சிரித்தார்.

அங்கேயே, என் கண்முன்னால், ரம்பம் வைத்து நாலு காலையும் அறுக்கச் சொன்னேன். இருவர் சிரிப்பும் நின்றது.

பெண்களே, உங்கள் வீட்டில் உங்கள் உயரத்துக்கென்று செய்த சாமான் எது? அம்மியைத் தவிர்த்துச் சொல்லுங்கள்.