ஓட்டிப்பாருவும் நிற்காத அண்ணனும்

கல்லூரியில் அவளுக்கு ஓட்டிப்பாரு என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கணினி அறிவியலில் இரண்டாம் ஆண்டு. நிரல் எழுதச் சொன்னால் மற்றவர்கள் மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பார்கள். இவள் தோன்றியதைத் தட்டிவிட்டு, "ஓட்டிப் பாரு, தப்புன்னா அதுவே சொல்லும்" என்பாள். திரை சிவப்பாகத் திட்டும். ஓர் ஒட்டுப் போடுவாள். மறுபடி திட்டும். இன்னோர் ஒட்டு. சண்டை போட்டே குடித்தனம் நடத்துகிற புருஷன் பெண்டாட்டி மாதிரி அவளும் கணினியும் கடைசியில் எப்படியோ ஒத்துப்போய்விடுவார்கள். அவள் தட்டுகிற வேகத்துக்குப் பயந்து, விசைப்பலகையிலிருந்த எழுத்துகள் எழுந்து ஓரமாக ஒதுங்கி நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

பரீட்சை என்னவோ காகிதத்தில். காகிதம் திட்டாது. அவளும் வழக்கம்போலத் தோன்றியதை எழுதினாள். அது வாயே திறக்கவில்லை. எல்லாம் சரி என்று நினைத்து, மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து வந்து, வாசலில் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டு நின்றாள். விடைத்தாள் பேராசிரியர் கைக்குப் போன பிறகுதான் சிவந்தது. அதிக மதிப்பெண்ணுள்ள கேள்வி, எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவது. அவள் பதிலுக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் இரண்டே சொல்: 'இது நிற்காது.'

வீட்டுக்கு வந்து அதே நிரலைக் கணினியில் தட்டினாள். ஏதோ சில எண்களைக் கொடுத்தாள். சமர்த்தாக வரிசைப்படுத்திவிட்டு நின்றது. அந்த மனுஷருக்கு என்மேல் என்ன பகையோ என்று அன்று முழுவதும் புலம்பினாள். போய்க் கேட்கலாமே என்றால், கேட்க வெட்கம்.

மறுதேர்வு ஒன்று உண்டு. அதிலும் கோட்டைவிட்டால் படிப்பை விட்டு வெளியே போக வேண்டியதுதான். வெளியே போனால் எங்கே உட்காருவது என்பதைக்கூட அத்தை முடிவு செய்துவிட்டாள். அத்தைக்குத் திரைச்சீலைக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, அதற்குப் பூப்போட்ட மெத்தையும் தைத்துவிட்டாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஓட்டிப்பாருவுக்கு அந்த மெத்தை கனவில் வந்து, "உட்காரு கண்ணு" என்றது.

இந்தச் சமயத்தில் அவள் அண்ணன் வீட்டில் முடங்கிக் கிடந்தான். செருப்புக் கடையில் வேலை அவனுக்கு. வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டிய குதிகால் உயர்ந்த ஜோடியைத் தானே மாட்டி நடந்து காட்டப்போய்க் கணுக்கால் சுளுக்கிக்கொண்டான். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, நாள் முழுக்கத் தங்கையை வம்புக்கு இழுப்பதே தொழில்.

"அத்தை கடையில எனக்குத் தள்ளுபடி உண்டா?" என்று அவன் கேட்ட அன்றுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வேலை வெட்டி இல்லாமல் கிடக்கிற நீ எனக்குக் கணினியாக இரு என்று, சமையலறை மேசைமேல் வீட்டிலிருந்த தட்டுகளையெல்லாம் வரிசையாகப் பரப்பினாள். தன் நிரலைத் தமிழில் எழுதி அவன் கையில் கொடுத்தாள். பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளைப் பார். இடப்பக்கத்தது வலப்பக்கத்ததைவிடச் சிறியதாக இல்லையென்றால் இரண்டையும் இடம் மாற்று. கடைசிவரை போய்விட்டுத் திரும்ப முதலிலிருந்து வா. ஒன்றைக்கூட மாற்றாமல் கடைசிவரை போனால் நிறுத்து.

"உன் மூளையை உள்ள விடாதே அண்ணா. எழுதியிருக்கிறதை மட்டும் செய்."

"அதை நான் என்னிக்கு உள்ள விட்டேன்?" என்று அவன் ஆரம்பித்தான்.

சுளுக்கின காலோடு நொண்டி நொண்டி மாற்றினான். சின்னதெல்லாம் இடப்பக்கம், பெரியதெல்லாம் வலப்பக்கம் என்று அழகாக வந்தது. ஓட்டிப்பாரு கையைக் கட்டிக்கொண்டு, பேராசிரியரை ஜெயித்தவள் மாதிரி நின்றாள். ஆனால் அண்ணன் நிற்கவில்லை. வலக்கோடியிலிருந்த இரண்டு பெரிய தட்டுகளைத் தூக்கி இடம் மாற்றினான். திரும்ப முதலிலிருந்து வந்தான். மறுபடி அதே இரண்டை மாற்றினான். அவள் போதும் என்றாள். போதும் என்று எழுதவில்லையே என்றான். தட்டின் விளிம்பு தேய்ந்து, பெரிய தட்டெல்லாம் சாஸராகிவிடும்போல் இருந்தது.

வேண்டுமென்றே கெடுக்கிறான் என்று அவள் கத்த, எழுதியிருப்பதைத்தான் செய்கிறேன் என்று அவன் கத்த, அம்மா வேலையிலிருந்து வந்து நின்றாள். பல் மருத்துவமனையில் நாளெல்லாம் வாயைத் திறங்க, வாயைத் திறங்க என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு, இந்த இரண்டு வாயும் மூடினால் தேவலை என்றிருந்தது. நல்ல பசி வேறு. என்ன ஏது என்று கேட்காமல், கோடியிலிருந்த பெரிய தட்டை எடுத்துச் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் முதலிலிருந்து வந்தான். கடைசிவரை போனான். எதையும் மாற்றவில்லை.

"முடிஞ்சுது" என்று நாற்காலியில் சாய்ந்தான்.

ஓட்டிப்பாரு அம்மாவின் தட்டைப் பார்த்தாள். மேசையில் மிச்சமிருந்த பெரிய தட்டைப் பார்த்தாள். ஒரே கடையில் வாங்கின ஜோடி. அளவில் நூலிழை வித்தியாசம் கிடையாது. இதைவிட அது சிறியதில்லை, அதைவிட இதுவும் சிறியதில்லை. மாற்று, மாற்று என்று உலகம் அழிகிறவரை மாற்றலாம். வீட்டில் அவள் கொடுத்துப் பார்த்த எண்களில் ஒன்றுபோல் இரண்டு இல்லை. அதனால்தான் கணினி நின்றது.

அம்மா பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போதே தட்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். அண்ணன் மாற்ற ஆரம்பித்தான். எடுத்தாள்; நின்றான். வைத்தாள், மாற்றினான்.

"ஏண்டி, பெயிலானது நீ. பட்டினி எனக்கா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவள் எந்த வரி எழுதினாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டாள்: இதை அண்ணன் எப்படிக் கெடுப்பான்? தட்டே இல்லாவிட்டால் வெறும் மேசையை வெறித்துக்கொண்டு உட்காருவான், அதற்கொரு வரி. ஒரே தட்டு இருந்தால் பக்கத்துத் தட்டு எங்கே என்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவான், அதற்கொரு வரி. அவன் கணுக்கால் குணமாகி வேலைக்குப் போன பிறகும், அவள் தலைக்குள் நொண்டிக்கொண்டேதான் இருந்தான்.

மறுதேர்வில் கேட்டது தட்டுமில்லை, எண்ணுமில்லை; வங்கி வாசலில் நிற்கிறவர்களை வரிசையில் விடுவது. அண்ணனை வாயிற்காவலராக நிறுத்தினாள். அவன் செய்யக்கூடிய அழிச்சாட்டியத்தையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். மேற்பார்வைக்கு வந்தவர் சந்தேகப்பட்டுக் குனிந்து, "யாரோட பேசற?" என்று கேட்டார்.

"எங்க அண்ணனோட சார். அவர் செருப்புக் கடையில இருக்கார்."

அவர் அவள் காதைப் பார்த்தார், மேசைக்கு அடியில் பார்த்தார், பிறகு பாவம் என்று விட்டுவிட்டார். அன்று அவள்தான் கடைசியாக எழுந்து வந்தாள்.

முடிவு வந்தது. முதல் மதிப்பெண் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சிக் கோட்டை ஏறிக் குதித்திருந்தாள், பாவாடை நுனி கோட்டில் உரசியிருக்கும். நிறுத்துகிற இடத்தில் மட்டும் சிவப்பு இல்லை.

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, இனி அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பேன் என்று கேட்டாள். பெரிய தட்டு இரண்டையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஓட்டிப்பாரு, திரும்பாமலே அண்ணன் பக்கம் கையைக் காட்டினாள்.

"இவனை வெச்சுக்கோங்க அத்தை. சொன்னதைச் செய்வான். நிறுத்தச் சொல்லி மட்டும் முதல்லயே எழுதிக் கொடுத்துடுங்க."